அடர்த்திக்குச் சமன்பாடு, பாகுநிலைக்கு ஒற்றை எண்

பிறர் அமைத்த பாய்ம இயக்கச் சிமுலேஷன்களைச் சரிபார்க்கும் வேலை எனக்கு அடிக்கடி வருகிறது. வெப்பநிலை மாறும் கணக்குகளில் பலர் அடர்த்திக்குக் கவனமாக ஒரு சமன்பாட்டைக் கொடுத்துவிட்டு, பாகுநிலையை (ஓட்டத்துக்குப் பாய்மம் காட்டும் உள் எதிர்ப்பை) மென்பொருள் தானாக வைத்திருக்கும் ஒற்றை எண்ணிலேயே விட்டுவிடுகிறார்கள். குழாய்க்குள் உந்தித் தள்ளப்படும் தண்ணீருக்கு இந்த அக்கறை தலைகீழானது. 20 டிகிரி செல்சியஸிலிருந்து 80 டிகிரிக்குச் சூடேறும்போது அதன் அடர்த்தி கன மீட்டருக்கு 998 கிலோகிராமிலிருந்து 972 ஆகத்தான் குறைகிறது, பாகுநிலையோ 1.0 மில்லிபாஸ்கல்-விநாடியிலிருந்து 0.35 ஆக, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சரிந்துவிடுகிறது.

அண்மையில் வந்த ஒரு கோப்பில், 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள சூடேற்றப்பட்ட குழாயில் தண்ணீர் விநாடிக்கு 0.1 மீட்டர் வேகத்தில் நுழைந்தது. நுழைவாயிலில் ரெனால்ட்ஸ் எண் (ஓட்டம் சீராக இருக்குமா, கொந்தளிக்குமா என்பதைக் காட்டும், பாகுநிலை குறைந்தால் கூடும் எண்) ஏறக்குறைய 2,000 என்பதால் வரிச்சீர் ஓட்டம், அதாவது கொந்தளிப்பில்லாத ஓட்டம், என்று தேர்ந்திருந்தார்கள். ஆனால் தண்ணீர் 80 டிகிரியில் வெளியேறும் முனையில் அதே எண் 5,500-ஐத் தாண்டுகிறது. அங்கே வரிச்சீர் ஓட்டம் நிலைக்கும் என்று நம்ப இடமில்லை. பாகுநிலை மாறாத எண்ணாக இருந்ததால் இது முடிவுகளில் தலைகாட்டவே இல்லை, ரெசிடுவல்களும் (சமன்பாடுகளில் தீராமல் எஞ்சும் பிழைகளும்) அழகாக இறங்கியிருந்தன. (ரெசிடுவல் இறங்கினால் கொடுத்த சமன்பாடுகள் தீர்ந்தன என்றுதான் பொருள், கொடுத்த எண்கள் சரியா என்பதை அது சொல்லாது.) வெப்பநிலைக்கேற்ற பாகுநிலை அட்டவணையைச் சேர்த்து, ரெனால்ட்ஸ் எண்ணைக் குழாய் நெடுகிலும் வரைந்து காட்டிய பிறகே ஓட்ட மாதிரியை மாற்ற ஒப்புக்கொண்டார்கள்.

மறுமொழி 1: வாயுக்களில் கதை வேறு. காற்றை 20 டிகிரியிலிருந்து 300 டிகிரிக்குக் கொண்டுபோனால், அழுத்தம் மாறாதவரை அடர்த்தி பாதியாகிறது, பாகுநிலையோ சுமார் 1.6 மடங்காக உயர்கிறது. இரண்டின் விகிதமான இயக்கவியல் பாகுநிலை மூன்று மடங்கைத் தாண்டுவதால், ஒன்றை மட்டும் மாற்றினால் போதாது. நான் அடர்த்திக்கு நல்லியல்பு வாயுச் சமன்பாட்டையும், வெப்பநிலைக்கேற்ற வாயுப் பாகுநிலையைத் தரும் சதர்லேண்ட் விதியையும் சேர்த்தே பயன்படுத்துகிறேன்.

மறுமொழி 2: ஓப்பன்ஃபோம் என்ற சிமுலேஷன் மென்பொருளின் சிம்பிள்ஃபோம் போன்ற, அடர்த்தி மாறாது எனக் கொள்ளும் அமுக்கவியலாப் பாய்மச் சால்வர்களில் (சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரல்களில்) அடர்த்தியைக் கேட்பதே இல்லை, இயக்கவியல் பாகுநிலை மட்டும் போதும். வெளிவரும் அழுத்தமும் அடர்த்தியால் வகுக்கப்பட்டதே. தண்ணீர்க் கணக்கொன்றில் அழுத்த இழப்பு 2 என்று வந்ததை 2 பாஸ்கல் என எடுத்துக்கொண்டு, அளவீட்டுக் கருவியைக் குறைகூறிய குழுவொன்றை நான் பார்த்திருக்கிறேன். கருவி ஏறத்தாழ 2,000 பாஸ்கல் என்று சரியாகத்தான் காட்டியது.