குழுக்களுக்குள்ள எங்கயாவது வித்தியாசம் இருக்கான்னு மொத்தமா பாக்குற அனோவா டெஸ்ட் இருக்குங்குது, எந்த ஜோடிக்குள்ளன்னு பாக்குற டூக்கி டெஸ்ட் இல்லங்குது. எத நம்புறது?
மூணு உரம், ஒவ்வொண்ணுக்கும் 12 தொட்டி. ஆறு வாரம் கழிச்சு செடியோட சராசரி உயரம் முதல் உரத்துல 14.1, ரெண்டாவதுல 14.2, மூணாவதுல 16.4 செ.மீ, எஸ்டி (சராசரியிலேருந்து எவ்வளவு சிதறியிருக்குங்கற அளவு) எல்லாத்துலயும் 2.4 கிட்ட. ஆர்ங்கற புள்ளியியல் மென்பொருள்ல அனோவா போட்டா எஃப் (குழுக்களுக்கு நடுவுல உள்ள வித்தியாசத்த உள்ளுக்குள்ள உள்ள சிதறலோட ஒப்பிடுற எண்) 3.4, பி வேல்யூ (நிஜத்துல வித்தியாசமே இல்லன்னாலும் தற்செயலா இவ்வளவோ அதுக்கு மேலயோ வித்தியாசம் வர்ற வாய்ப்பு, 0.05க்குக் கீழ இருந்தா வித்தியாசம் இருக்குன்னு எடுத்துக்குவாங்க) 0.045, அப்பாடான்னு டூக்கி ஓட்டுனா ஒரு ஜோடி கூட 0.05க்குக் கீழ வரல, ஒண்ணுக்கும் மூணுக்கும் 0.07ல வந்து நிக்குது.

மூணு குழுவுலயும் சிதறல் ஒரே மாதிரி இருக்கான்னு பாக்குற லெவீன் டெஸ்ட் பாத்தாச்சு, பிரச்சனை இல்ல. அளவெல்லாம் மறுபடி சரிபாத்துட்டேன். தனியா ரெண்டு குழுவ மட்டும் ஒப்பிடுற டி டெஸ்ட் போட்டா அதே ஜோடிக்கு 0.03 வருது, ஆனா மூணு தடவ போட்டா சும்மாவே வித்தியாசம் காட்டுற வாய்ப்பு 5லேருந்து 14 சதவீதம் வரைக்கும் ஏறிடும், அத எழுத மனசு வரல (பிடிச்ச பதில் வர்ற வரைக்கும் டெஸ்ட் மாத்துறது ஏமாத்து வேலைதானே).

இந்த நிலைமைல மூணாவது உரம் முதல் உரத்த விட நல்லா வேலை செய்யுதுன்னு ரிப்போர்ட்ல எழுதலாமா கூடாதா?