மீன்தொட்டி ‘சைக்கிளிங்’: சுழற்சியா, பழக்குதலா?

குழுவினருக்கு வணக்கம். புதுத் தொட்டியில் மீன் கழிவின் நஞ்சை மாற்றும் பாக்டீரியாவை வளர்த்தெடுக்கும் வேலையை ஆங்கிலத்தில் ‘சைக்கிளிங்’ என்கிறார்கள். நம் சொற்பட்டியலில் அதற்குத் ‘பழக்குதல்’ என்று வைக்கலாம் என்றேன். வந்த கேள்விகளுக்கு என் பதில் இதோ.

> பாடநூலில் நைட்ரஜன் சுழற்சி இருக்கிறதே. சைக்கிளிங்குக்குத் ‘தொட்டிச் சுழற்சி’ என்றே போட்டுவிடலாம்.

பாடநூலில் இருக்கிறது, சரி. ஆனால் சேலத்தில் ஒரு மீன் கடைக்குப் போய் ‘சுழற்சி முடிந்ததா’ என்று கேட்டால் மோட்டாரைப் பற்றிக் கேட்பதாகத்தான் நினைப்பார்கள். இப்போதே குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ‘தண்ணி ஊத்தி ரெண்டு நாள் மோட்டார் ஓடட்டும், அப்புறம் மீன் விடுங்க’ என்பது புதிதாகத் தொட்டி வாங்கும் எல்லோருக்கும் கிடைக்கிற அறிவுரை. அந்த இரண்டு நாளில் குளோரின் பறக்கும், கலங்கல் தெளியும். அவ்வளவுதான். வெறும் தண்ணீரை மாதக்கணக்கில் சுற்றவிட்டாலும் வேண்டிய பாக்டீரியா வளராது. அதற்குத் தீனி அம்மோனியா, அது வர வழியே இல்லை.

மீனின் செவுளிலிருந்தும், கழிவிலிருந்தும், தின்னாமல் அடியில் கிடந்து அழுகும் தீனியிலிருந்தும் அம்மோனியா வருகிறது. ஒரு கூட்டம் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக்கும். நைட்ரோஸ்பைரா போன்ற இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக்கும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட் அளவோடு இருந்தால் தாங்கும், வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றினால் கட்டுக்குள் நிற்கும். இந்த உயிரிகள் பெரும்பாலும் தண்ணீரில் மிதப்பதில்லை. வடிகட்டியின் ஸ்பாஞ்சிலும் கூழாங்கல்லிலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டு மெதுவாகப் பெருகுகின்றன. பழைய தொட்டியிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவதால் பெரிய பயன் இல்லாததற்கும் இதுவே காரணம்.

ஆக, மாறுவது தொட்டியின் உட்பரப்பு. புது இரும்புத் தோசைக்கல்லையும் மண்சட்டியையும் ‘பழக்குவது’ என்று வீட்டில் சொல்கிறோமே, அதே சொல் இங்கே அச்சாகப் பொருந்துகிறது. தொட்டி பழக்குதல், பழகிய தொட்டி, பழகாத தொட்டி. வினையாக வரும், பெயரெச்சமாக வரும், ‘இன்னும் பழகல’ என்று பேச்சிலும் வரும். சுழற்சியை வைத்துக்கொண்டு ‘சுழன்ற தொட்டி’ என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்.

> ‘பதப்படுத்தல்’ இன்னும் செம்மையாக இருக்காதா?

மீனோடு சேர்ந்தால் கருவாட்டு வாசம் வருகிறது. வேண்டாமே.

> மீனைப் புதுத் தண்ணீருக்குப் பழக்குவதும் பழக்குதல்தானே?

இது நல்ல கேள்வி. வாங்கிவந்த பையை அப்படியே கால் மணி நேரம் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் ஊற்றி, பிறகு மீனை மட்டும் வலையில் எடுத்து விடுகிறோம். அதற்கு ‘இணக்குதல்’ என்று தனியாக வைக்கலாம் என்பது என் எண்ணம். தொட்டியைப் பழக்கு, மீனை இணக்கு.

சொல்லைப் பற்றி இவ்வளவு மல்லுக்கட்டுவதற்கு எங்கள் ஊர்த் தண்ணீரும் ஒரு காரணம். குழாயில் வருவது மேட்டூர்க் காவிரி. போர் தண்ணீர் பல தெருக்களில் கடினநீர். மேக்னசைட் வெட்டியெடுக்கும் ஊரில் அதில் ஆச்சரியமில்லை. கடினநீர் பெரும்பாலும் காரப் பக்கம் சாய்ந்திருக்கும். 25 டிகிரியில் பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் அரை சதவீதத்துக்குச் சற்று மேல்தான் கொடிய வடிவில் இருக்கும். பிஎச் 8 ஆனால் அது 5 சதவீதத்தைத் தாண்டும். வெயில் ஏற ஏற இன்னும் கூடும், தண்ணீரில் ஆக்சிஜனும் குறையும். பழகாத தொட்டியில் சித்திரை மாதம் பத்து மீனை ஒரே நாளில் விட்டால், அவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்க்கலாம். கடைக்காரர் ‘மீனுக்கு ஜுரம்’ என்று நீலமருந்து கொடுப்பார். நோயே இல்லாத இடத்தில் மருந்து! சில மருந்துகள் வளர்ந்துகொண்டிருக்கும் பாக்டீரியாவையும் சேர்த்துக் கெடுக்கும்.

இந்தத் தண்ணீருக்குக் கப்பி, மோலி மீன்கள் தோதானவை. நியான் டெட்ராவுக்கு மென்மையான நீர் வேண்டும். அழகுக்கு ஆசைப்பட்டு முதல் மீனாக அதை வாங்காதிருப்பது நல்லது.

சேலத்திலிருந்து,
அன்புடன்

—

ஐயா, வணக்கம்.

‘பழக்குதல்’ எனக்குச் சம்மதம். ஆனால் விளக்கத்தில் பழக்க ‘நான்கு முதல் ஆறு வாரம்’ ஆகும் என்று எழுதிவிடாதீர்கள். ஏற்காட்டில் மார்கழி, தை மாதங்களில் ஹீட்டர் இல்லாத தொட்டியில் தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே போய்விடும். அந்தக் குளிரில் பாக்டீரியாவின் வேகம் நன்றாகக் குறைந்துவிடும். அடிவாரத்தில் முடிகிற வேலை இங்கே இழுத்துக்கொண்டே போகும். நாளை எண்ணுவதைவிட, தண்ணீரில் அம்மோனியா, நைட்ரைட் அளவைக் காட்டும் சோதனைக் குப்பியை நம்புவது மேல்.

இன்னொன்று. ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசினாலோ, மின்வெட்டில் வடிகட்டி பல மணி நேரம் நின்றாலோ, பழகிய தொட்டியில் மறுபடி அம்மோனியா ஏறும். இதற்கும் ஒரு சொல் வேண்டும்.

ஏற்காட்டிலிருந்து

—

அம்மா, நன்றி. நாள் கணக்கை எடுத்துவிட்டேன்.

நீங்கள் கேட்டதற்குச் சொல் கையிலேயே இருக்கிறது: ‘தொட்டியின் பழக்கம் கெட்டுவிட்டது’. சிரிப்பு வரும், அதனாலேயே மறக்காது. எடுத்துவைத்த தொட்டித் தண்ணீரிலேயே ஸ்பாஞ்சைப் பிழிந்தால் கெடாது என்பதையும் எடுத்துக்காட்டு வாக்கியமாகச் சேர்த்துவிடுகிறேன். வேறொருவர் தொட்டியிலிருந்து ‘பழகிய ஸ்பாஞ்சு’ வாங்கி வைத்தால் வேலை விரைவாகும். கூடவே வெள்ளைப்புள்ளி நோயும் வரலாம் என்பதால், கொடுப்பவரின் மீன்களை முதலில் பார்த்துவிட வேண்டும்.

பதிவு இப்படி:

தொட்டி பழக்குதல்: மீன்தொட்டியில் சிறிது சிறிதாக அம்மோனியா கிடைக்கச் செய்து, அதை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாவைப் பரப்புகளில் வளரவிடுதல். அம்மோனியா விட்ட மறுநாள் சோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியாக இருந்து, நைட்ரேட் ஏறியிருந்தால் அது பழகிய தொட்டி. இருவகை: மீன் விட்டுப் பழக்குதல், மீன் விடாமல் பழக்குதல்.

‘இணக்குதல்’ மட்டும் இன்னும் முடிவாகவில்லை. மீன்குஞ்சை ஏரியில் விடுகிறவர்கள் அதற்கு வேறு சொல் வைத்திருந்தால், அதையே எடுத்துக்கொள்வோம். தெரிந்தவர்கள் எழுதுங்கள்.