கிறிஸ்தவ ரொமான்டிக் சஸ்பென்ஸ் நாவல்களில் துப்பு துலக்குவது துப்பறிவாளரா, ஜெபமா?

பின்னிரவு வாசகி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். மர்ம நாவல்களை விரும்பி வாசிப்பவள் நான். விசுவாசக் குடும்பத்தில் வளர்ந்தவளும்கூட. எனவே காதல், குற்றம், விசுவாசம் மூன்றும் சேர்ந்துவரும் ஆங்கில நாவல்களைப் பற்றிக் கேள்விப்பட்டதும், இவை எனக்காகவே எழுதப்பட்டவை என்ற எண்ணத்தோடுதான் வாசிக்கத் தொடங்கினேன். ஆபாசம் இல்லை, வசைச்சொற்கள் இல்லை, நாயகனும் நாயகியும் திருமணத்துக்கு முன் எல்லை மீறுவதில்லை என்பதெல்லாம் எனக்கு உவப்பாகவே இருக்கிறது. என் குறை வேறிடத்தில் இருக்கிறது.

அண்மையில் வாசித்த ஒரு நாவலில் (பெயர் வேண்டாம்) முக்கால்வாசிக் கதைவரை சாட்சிகளின் வாக்குமூலங்கள், கைபேசி அழைப்புப் பட்டியல், பின்வாசலில் படிந்திருந்த செம்மண் என்று துப்புகள் ஒழுங்காகவே சேர்ந்துகொண்டு வந்தன. பிறகு நாயகி கடத்தப்படுகிறாள். விசாரணை அதிகாரி தம் காரில் அமர்ந்து, கண்களை மூடி ஜெபிக்கிறார். உடனே ஒரு பெயர் அவர் உள்ளத்தில் தோன்றுகிறது. அந்த வீட்டுக்குப் போகிறார். குற்றவாளி அங்கேயே இருக்கிறான். அந்தச் செம்மண் அங்கே எப்படி வந்தது என்பதைக் கடைசிப் பக்கம்வரை ஒருவரும் சொல்லவில்லை. ஜெபத்தின் வல்லமையில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் ஒவ்வொரு துப்பையும் நினைவில் இருத்தி வாசித்துவந்த என்னை அந்த எழுத்தாளர் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை என்றுதான் தோன்றியது. மதியம் துப்பாக்கிக் குண்டுக்குத் தப்பிய பெண், மாலையில் தன்னைக் காப்பாற்றியவரின் கண்கள் என்ன நிறம் என்று ஆராய்ந்துகொண்டிருப்பதைப் பற்றித் தனியாக ஒரு கேள்வியே கேட்கலாம்.

இது இந்த வகையின் இலக்கணமா, அல்லது நான் தேர்ந்தெடுத்த நூல்கள்தான் சரியில்லையா? விசுவாசமும் மர்மமும் ஒன்றையொன்று கெடுக்காத நூல்கள் இருந்தால் சொல்லுங்கள்.

மூன்றாம் சாட்சி:

சகோதரி, உங்கள் புகாரை ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்பே ஒரு பாதிரியார் எழுதிவைத்துவிட்டார். ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயக் கத்தோலிக்கக் குரு, துப்பறியும் கதைகளையும் எழுதியவர், பிற்காலத்தில் வேதாகமத்தையே மொழிபெயர்த்தவர், 1929இல் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகளை வகுத்தார். அமானுஷ்ய சக்திகளுக்குக் கதையில் இடமில்லை என்பது அவற்றில் ஒன்று. தற்செயலான நிகழ்வு துப்பறிவாளருக்கு உதவக் கூடாது, காரணம் சொல்ல முடியாத உள்ளுணர்வு ஒன்று அவருக்குத் தோன்றி அதுவே சரியாகவும் முடியக் கூடாது என்பது இன்னொன்று. காரில் அமர்ந்து ஜெபித்த உங்கள் அதிகாரி இந்த இரண்டாவது கட்டளையில் நேராகச் சிக்குகிறார். நாக்ஸுக்கு ஜெபத்தில் நம்பிக்கை இல்லாமலில்லை. வாசகருக்கும் எழுத்தாளருக்கும் இடையிலான போட்டி நியாயமாக நடக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

நான் கடைப்பிடிக்கும் அளவுகோல் இதுதான்: ஜெபம் ஒரு பாத்திரத்துக்குத் துணிவைத் தரலாம், தகவலைத் தரக் கூடாது. பயந்து ஒளிந்திருந்த சாட்சி ஜெபித்தபின் நீதிமன்றம் ஏறிப் பேசினால் கதை வலுப்பெறுகிறது. அதே சாட்சிக்குக் கொலையாளியின் பெயர் ஜெபத்தில் கிடைத்தால், அதுவரை வந்த எல்லாப் பக்கங்களும் பயனற்றுப் போகின்றன.

விசுவாசமே துப்பாக மாறும் கதைக்கு ஆங்கில எழுத்தாளர் ஜி. கே. செஸ்டர்டன் 1910இல் வெளியிட்ட, ஃபாதர் பிரவுன் என்ற துப்பறியும் பாதிரியார் வரும் முதல் கதையைப் பாருங்கள். விலையுயர்ந்த சிலுவை ஒன்றை எடுத்துச் செல்லும் குள்ளமான பாதிரியாரிடமிருந்து அதைக் களவாட, ஃபிளம்போ என்ற திருடன் தானும் பாதிரியார் வேடத்தில் உடன் பயணிக்கிறான். போகும் வழியில் உணவகத்தில் சர்க்கரையும் உப்பும் இடம் மாறியிருக்கின்றன, சுவரில் சூப் வீசப்பட்டிருக்கிறது, பில்லுக்கு அதிகமாகவே பணம் கொடுத்துவிட்டு ஒரு ஜன்னல் உடைக்கப்படுகிறது. பின்தொடரும் காவல் அதிகாரிக்கு இவை எவையும் புரியவில்லை. அவர் பின்தொடர வேண்டும் என்பதற்காகவே பாதிரியார் இட்ட அடையாளங்கள் அவை. இறுதியில், உடன் வந்தவன் போலி என்பதை எப்படிக் கண்டுகொண்டார்? அவன் பேச்சுவாக்கில் பகுத்தறிவைத் தாக்கினான்; அது கோளாறான இறையியல் என்கிறார் ஃபாதர் பிரவுன். உண்மையான பாதிரியாருக்குத் தெரிந்திருக்க வேண்டிய பாடம் அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்தக் கதையிலிருந்து இறையியலை நீக்கினால் மர்மமும் உடன் போய்விடும். (செஸ்டர்டன் கத்தோலிக்கரானது 1922இல்தான் என்பதை நினைத்தால் வியப்பு இன்னும் கூடுகிறது.)

இதில் காதல் இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான், அந்த இடத்தை வேறு யாராவது நிரப்பட்டும்.

கதவடைத்து வாசிப்பவள்:

மூன்றாம் சாட்சி சொல்வதை மதிக்கிறேன், ஆனால் அவர் ஒரு வகை நாவலின் அளவுகோலைக் கொண்டு இன்னொரு வகையை அளக்கிறார். மர்ம நாவலில் குற்றம் நடந்து முடிந்திருக்கிறது, செய்தவர் யார் என்று தேடுகிறோம். சஸ்பென்ஸில் குற்றம் இனிமேல்தான் நடக்கவிருக்கிறது, அதைத் தடுக்க நேரம் போதுமா என்று தவிக்கிறோம். பல ரொமான்டிக் சஸ்பென்ஸ் நாவல்களில் வில்லனின் பார்வையிலேயே சில அத்தியாயங்கள் வந்துவிடும். நாயகிக்குத் தெரியாதது வாசகருக்குத் தெரியும், பதற்றமே அதிலிருந்துதான் பிறக்கிறது. அங்கே நாக்ஸின் கட்டளைகளுக்கு அதிக வேலை இல்லை. செம்மண்ணை அந்தரத்தில் விட்டது எழுத்தாளரின் கவனக்குறைவு, அதை மறுக்கவில்லை.

இந்த வகையில் விசுவாசம் உண்மையாக வேலை செய்யும் இடம் காதல்தான். "அந்நிய நுகத்திலே அவிசுவாசிகளுடன் பிணைக்கப்படாதிருப்பீர்களாக" என்ற 2 கொரிந்தியர் 6:14ஐ இந்த நாவல்கள் பலவும் கதையின் முடிச்சாகவே பயன்படுத்துகின்றன. சாதாரணக் காதல் கதையில் பிரிவுக்குத் தவறான புரிதல் ஒன்றைக் கண்டுபிடித்தாக வேண்டும். ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசினால் அது தீர்ந்தும் விடும். இங்கே இருவரும் ஒருவரையொருவர் முழுமையாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள், நேசிக்கிறார்கள், ஆனாலும் ஒருவர் விசுவாசிக்கிறார், மற்றவரால் முடியவில்லை. பேசித் தீர்க்கக்கூடிய தடை அன்று அது.

எழுத்தாளர் டீ ஹெண்டர்சனின் ஓமாலி நாவல் வரிசை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அநாதை இல்லத்தில் வளர்ந்த ஏழு பேர், தாங்களே தங்களை உடன்பிறப்புகளாக்கிக்கொண்டு ஒரே குடும்பப் பெயரைச் சூட்டிக்கொள்கிறார்கள். முதல் நூலின் நாயகி கேட், பணயக் கைதிகளை மீட்கப் பேச்சுவார்த்தை நடத்தும் காவல் அதிகாரி. அவளை நேசிக்கும் எஃப்.பி.ஐ. அதிகாரி டேவ் ஒரு விசுவாசி. குண்டு வெடிக்குமா என்ற பதற்றத்துக்குக் கொஞ்சமும் குறையாமல், இவள் எதை நம்பப் போகிறாள் என்ற பதற்றமும் ஓடுகிறது. அதோடு உடன்பிறப்புகளில் ஒருத்தியான ஜெனிஃபருக்குப் புற்றுநோய் வருகிறது; அந்த நோய் வரிசை நெடுகிலும் நிழலாய்த் தொடர்கிறது. காதலுக்காக மட்டும் ஒருவர் விசுவாசத்துக்கு வந்துவிட்டால் வாசகர் நம்பமாட்டார் என்பதை ஹெண்டர்சன் நன்றாகவே அறிந்திருக்கிறார். வேறு பலருடைய நாவல்களில் கடைசி அத்தியாயத்துக்கு முந்தைய அத்தியாயத்தில் அவசர அவசரமாக ஒரு மனந்திரும்புதல் நடக்கும். மறுநாளே மோதிரம் வந்துவிடும். எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

பின்னிரவு வாசகி:

இருவருக்கும் நன்றி. கடைசியில் சொன்ன அவசர மனந்திரும்புதலை நானும் நிறையவே பார்த்திருக்கிறேன். இதோடு ஒட்டிய இன்னொரு சந்தேகம். தன் தங்கையைக் கொன்றவனை நாயகி மன்னிக்கிறாள்; அத்தோடு அந்தக் குற்றத்தின் பாரமே கதையிலிருந்து மறைந்துவிடுகிறது. மன்னிப்பையும் நீதியையும் இந்த எழுத்தாளர்கள் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்களோ?

ஏழாம் அத்தியாயம்:

சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். "பழிவாங்குதல் எனக்குரியது" என்ற ரோமர் 12ஆம் அதிகார வசனத்தை நாயகியின் வாயில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அடுத்து வரும் 13ஆம் அதிகாரமோ, தீமை செய்பவனைத் தண்டிக்க அதிகாரம் பெற்றவர்களைப் பற்றிப் பேசுகிறது. தனிமனிதர் பழியைக் கைவிடுவதும், நீதிமன்றம் தன் கடமையைச் செய்வதும் இரண்டு தனித்தனி வேலைகள் என்பதை இந்த இரு அதிகாரங்களையும் சேர்த்து வாசித்தாலே விளங்கிக்கொள்ளலாம். சிறந்த நாவல்களில் மன்னித்தவள் மறுநாள் சாட்சிக் கூண்டிலும் ஏறுவாள். சொன்ன ஒரு வார்த்தையையும் திரும்பப் பெறமாட்டாள். நாயகனே காவல் அதிகாரியாக இருக்கும் கதைகளில் இது இன்னும் கூர்மையாகிறது, ஏனென்றால் கையில் துப்பாக்கியும் மனத்தில் வெறுப்புமாக நிற்பவர் அவர்தான்.

மூன்றாம் சாட்சி காலியாக விட்ட இடத்துக்கு டோரதி எல். சேயர்ஸைச் சொல்வேன். அவர் பாதிரியாரின் மகள், 1941–42இல் பி.பி.சி. வானொலிக்காக இயேசுவின் வாழ்வை நாடகத் தொடராக எழுதியவர். அவருடைய துப்பறியும் நாவல்களில் பிரசங்கம் கிடையாது, நாயகன் பீட்டர் விம்சி விசுவாசியும் இல்லை. ஆகவே கடை அடுக்கில் இவை கிறிஸ்தவ நாவல்கள் என்ற பெயர்ப்பலகையின் கீழ் வராது. ஆனால் காதலும் குற்றமும் எப்படி இணைய வேண்டும் என்பதற்கு அவற்றைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது. 1930இல் வந்த நாவலில், காதலனுக்கு ஆர்சனிக் நஞ்சு கொடுத்துக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஹாரியட் வேனை விம்சி தூக்குக் கயிற்றிலிருந்து காப்பாற்றுகிறார், திருமணமும் கேட்கிறார். அவள் மறுக்கிறாள். உயிரைக் காப்பாற்றியவருக்குப் பட்ட நன்றிக்கடனின்மேல் இல்லறத்தை எழுப்ப முடியாது என்பது அவள் நிலைப்பாடு. அவள் சம்மதிப்பது 1935இல் வந்த நாவலின் இறுதியில்தான். அதுவும் இருவரும் சமமாக நிற்க முடியும் என்று அவளுக்கே தெளிந்த பிறகு. குண்டுக்குத் தப்பிய அன்று மாலையே கண்ணின் நிறத்தை ஆராயும் நாயகிகளை எழுதுபவர்கள் அந்த ஐந்தாண்டு இடைவெளியைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

நூலகத் தோழி:

தேர்ந்தெடுப்பதைப் பற்றிச் சில நடைமுறைக் குறிப்புகள் மட்டும் சொல்கிறேன். ஹார்லக்வின் பதிப்பு நிறுவனம் 2005இல் தொடங்கிய லவ் இன்ஸ்பயர்ட் சஸ்பென்ஸ் வரிசையில் வருபவை அளவில் சிறியவை. முதல் பக்கங்களிலேயே ஆபத்து தொடங்கிவிடும், இறுதியில் திருமணப் பேச்சு நிச்சயம். ஓர் இரவில் வாசித்து முடிக்க அவை பொருத்தமானவை. சிக்கலான மர்மத்தை அவற்றில் எதிர்பார்க்க வேண்டாம், பக்கமே போதாது. பெத்தனி ஹவுஸ், ரெவெல், டின்டேல், தாமஸ் நெல்சன் போன்ற பதிப்பகங்களின் தனி நாவல்களில் விசாரணைக்கு அதிக இடம் கிடைக்கும். 2000ஆம் ஆண்டிலிருந்து கிறிஸ்தவப் புனைவுக்கு வழங்கப்பட்டுவரும் கிறிஸ்டி விருதுகளில் மர்மம், சஸ்பென்ஸ் ஆகியவற்றுக்கான பிரிவும் உண்டு. அந்தப் பட்டியலிலிருந்து தொடங்குவது நல்ல வழி.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஆபாசம் இல்லை என்பதால் வன்முறையும் இராது என்று எண்ணிவிடாதீர்கள். தொடர் கொலை, குழந்தைக் கடத்தல், குடும்ப வன்முறை எல்லாம் இந்த நாவல்களில் தாராளமாகவே வருகின்றன. பதின்ம வயதினருக்குக் கொடுக்குமுன் பின்னட்டையை மட்டும் நம்பாமல் ஒருமுறை நீங்களே வாசித்துவிடுங்கள்.

வரிசை நூல்களில் பெரும்பாலானவை ஒவ்வொரு குற்றத்தையும் அந்தந்த நூலிலேயே முடித்துவிடும். ஆனால் இரண்டாம் நூலை முதலில் எடுத்தால், முதல் நூலின் ஜோடி கைகோத்து வந்து, அவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதைச் சொல்லிவிடுவார்கள். டெர்ரி பிளாக்ஸ்டாக் 2016 முதல் 2018 வரை எழுதிய மூன்று நூல் தொடர் இதற்கு விலக்கு. கொலைப்பழிக்கு அஞ்சித் தப்பியோடும் ஒரு பெண்ணும், அவளைத் தேட அனுப்பப்பட்ட முன்னாள் ராணுவ வீரரும் வரும் ஒரே கதைதான் மூன்றிலும் நீள்கிறது. முதல் நூலை முடித்ததும் அடுத்தது கையில் இல்லாவிட்டால் பாடுதான். மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

பின்னிரவு வாசகி:

அப்படியானால் முதலில் ஃபாதர் பிரவுன் கதை, அடுத்து ஓமாலி வரிசையின் முதல் நூல், பிறகு சேயர்ஸ் என்று வைத்துக்கொள்கிறேன். கதவடைத்து வாசிப்பவள், ஓமாலி வரிசையில் வில்லன் யார் என்பதை நாமே ஊகிக்க வாய்ப்பிருக்கிறதா என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்; துப்புகளைக் குறித்துக்கொண்டு வாசிப்பதா, சும்மா வாசிப்பதா என்று முடிவு செய்ய வேண்டும்.

கதவடைத்து வாசிப்பவள்:

குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டு வாசியுங்கள், சகோதரி. சேயர்ஸுக்கு வரும்போது அது தேவைப்படும்.