பழைய உத்தரத்துக்கு ஸ்டெயினும் பாலிஷும்: செய்து பார்த்தவர்கள் எழுதுங்கள்

செல்லூர்:
மெட்ராஸ் டெரஸ் (மரக்கட்டைகள் மேல் செங்கலும் சுண்ணாம்பும் பாவிய தளம்) வீட்டு உத்தரம். 12 அடி நீளம், 6 அங்குல அகலம், 8 அங்குல உயரம். தேக்கு என்கிறார் ஆசாரி. மேலே சுண்ணாம்பு, அதற்கடியில் கருப்பாக ஏதோ. சொரசொரப்பு போகாமல் அடர்பழுப்பில் முடிக்க வேண்டும். எந்த ஸ்டெயின் (மரத்துக்கு நிறமேற்றும் திரவம்) வாங்கலாம்?

சிம்மக்கல்:
ஸ்டெயின் வாங்குவது கடைசி வேலை. அந்தக் "கருப்பாக ஏதோ" என்னவென்று தெரியாமல் டப்பாவைத் திறக்காதீர்கள். நம் பக்கத்துப் பழைய உத்தரங்களில் அது அடுப்புப் புகைக்கரியாக இருக்கலாம், இருண்டுபோன அரக்குப் பாலிஷாக இருக்கலாம், எனாமலாக இருக்கலாம், கரையானுக்குப் பயந்து பூசிய கழிவு எண்ணெயாகவோ முந்திரிக்கொட்டை எண்ணெயாகவோ கூட இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

முதலில் சுண்ணாம்பைத் தண்ணீர் தொடாமல் சுரண்டுங்கள். நனைத்தால் அது மரத்தின் துளைக்குள் இறங்கிவிடும். பிறகு ஓரத்தில் உள்ளங்கையளவு இடத்தில் சோதனை. சோப்புத் தண்ணீருக்கே கருப்பு வந்தால் புகைக்கரி. ஸ்பிரிட் நனைத்த பஞ்சுக்குப் பிசுபிசுத்துப் பழுப்பாக வந்தால் அரக்கு. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னருக்கு இளகினால் அதே வகை லேக்கர் பூச்சு. டர்பன்டைன் துணியில் எத்தனை முறை துடைத்தாலும் வழவழவென்று கருப்பு வந்துகொண்டே இருந்தால் எண்ணெய். எதற்கும் மசியாமல் கத்தி முனையில் செதிலாகப் பெயர்ந்தால் பெரும்பாலும் எனாமல்.

எனாமல் என்றால் உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போடவே கூடாது. பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெயிண்ட் ரிமூவர் தடவி, ஊறியதும் ஈரமாகவே வழித்துத் தாளில் கட்டி அப்புறப்படுத்துங்கள். ஜன்னல்கள் திறந்திருக்கட்டும், குழந்தைகள் அந்த அறைக்குள் வரவேண்டாம்.

திருமங்கலம்:
அண்ணன் சொன்னதோட இதையும் சேத்துக்கங்க. நிறத்துக்கு முன்னாடி உத்தரம் தாங்குதான்னு பாக்கணும். சுவத்துக்குள்ள போற ரெண்டு முனையிலயும் ஸ்குரூ டிரைவரால குத்திப் பாருங்க. வைரம் பாஞ்ச (நடுப்பகுதி, கெட்டியான) கட்டைன்னா இறங்காது. பொதபொதன்னு அரை அங்குலம் உள்ள போச்சுன்னா மாடித் தண்ணி சுவத்து வழியா வருது. அதை நிறுத்தாம பாலிஷ் போட்டா ஈரம் உள்ளயே அடைஞ்சு முனை இன்னும் சீக்கிரமா அழுகும். அங்க பாலிஷ்காரர் வேண்டாம், இன்ஜினியரைக் கூப்பிடுங்க.

குண்டூசி ஓட்டை இருந்தா கீழ ஒரு கருப்புத் தாளை விரிச்சு வைங்க. ரெண்டு மூணு நாள்ல புது மாவு விழுந்தா வண்டு உசுரோட இருக்கலாம். அது பெரும்பாலும் வெள்ளைக் கட்டையைத்தான் (பட்டையை ஒட்டின வெளிறின பகுதி) தின்னும். 1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணிக்கு போரிக் ஆசிட் 20 கிராம், வெண்காரம் 30 கிராம் கரைச்சு, பூச்சு எல்லாம் எடுத்த வெறும் மரத்துல ரெண்டு மூணு தரம் ஊற ஊற அடிக்கணும். பூச்சு மேல அடிச்சா உள்ள இறங்காது. ஒரு வாரம் காயவிட்டு, மேல பூக்குற வெள்ளை உப்பைத் தட்டிட்டுத்தான் அடுத்த வேலை. கரையான் வேற கதை. அது மண்ணுலேருந்து ஏறி வருது, மரத்துல மட்டும் மருந்து வச்சு நிக்காது.

சொரசொரப்பு வேணும்னா மெஷினை உத்தரத்துப் பக்கமே கொண்டுபோகாதீங்க. ராத்திரி டார்ச்சைப் பக்கவாட்டுல அடிச்சுப் பாத்தா, வாச்சி (ஆசாரி மரத்தைச் செதுக்குற கருவி) கொத்துன எடமெல்லாம் விரல் அகலத்துக்குப் பள்ளமும் மேடுமா வரிசையா தெரியும். அதுதான் அந்த உத்தரத்தோட அழகு. மெஷின் அஞ்சு நிமிஷத்துல அதை வழிச்சுரும். பித்தளைக் கம்பி பிரஷ்ஷால நார் போற திசையிலேயே தேச்சு, அப்புறம் 80 நம்பர் உப்புத்தாளை ஸ்பாஞ்சுல சுத்தி ஒரு தரம், 120 ஒரு தரம். அதோட நிறுத்துங்க. வழவழன்னு இழைச்சா மரம் ஸ்டெயினை வாங்காது.

மேலூர்:
ஏன் பித்தளை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரும்புக் கம்பியின் தூள் மரத்தில் தங்கி, ஈரம் பட்டதும் மரத்தின் துவர்ப்போடு சேர்ந்து கருநீலத் திட்டாகும். கருவேல மரத்தில் இது மிக மோசம். பழைய ஆணிகளைச் சுற்றி இருக்கும் கறையும் இதுதான். ஆக்ஸாலிக் ஆசிட் 50 கிராமை 1 லிட்டர் வெந்நீரில் கரைத்துத் தடவினால் வெளுக்கும். கையுறை கட்டாயம். பிறகு சுத்தத் தண்ணீரால் இரண்டு முறை துடையுங்கள். மிச்சம் தங்கினால் ஸ்டெயினின் நிறம் மாறும், தேய்க்கும்போது பறக்கும் தூளும் மூச்சுக்கு ஆகாது.

இன்னொன்று, மரத்தூளையும் ஃபெவிகாலையும் பிசைந்து வெடிப்பை அடைக்கும் வழக்கம். காய்ந்த பசை ஸ்டெயினைக் குடிக்காது, ஒவ்வொரு வெடிப்பும் வெளுத்த கோடாகத் தெரியும். மெல்லிய வெடிப்புகளை அப்படியே விடுங்கள். வெயிலுக்கும் மழைக்கும் மரம் சுருங்கி விரியும், அடைத்ததும் பிதுங்கி விழும். ஆணி ஓட்டைகளை மட்டும் ஸ்டெயின் காய்ந்த பிறகு அதே நிறப் புட்டியால் மூடினால் போதும்.

உசிலம்பட்டி:
இவ்வளவு எதற்கு? நல்லெண்ணெயோ விளக்கெண்ணெயோ தேய்த்தால் போதாதா?

சிம்மக்கல்:
போதாதுங்க. விளக்கெண்ணெய் காற்றில் காயாது. நல்லெண்ணெயும் முழுசாக இறுகாமல் பிசுபிசுப்பாகவே நிற்கும். தூசியும் ஒட்டடையும் அப்பிக்கொள்ளும், பின்னாளில் எந்தப் பூச்சும் பிடிக்காது. எண்ணெய்தான் வேண்டுமென்றால் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய். முதல் பூச்சுக்குச் சம அளவு டர்பன்டைன் கலந்து தடவி, 20 நிமிடம் கழித்து மிச்சத்தை ஒட்டத் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் விட்டால் மேலே தோல் கட்டி உள்ளே ஈரமாகவே கிடக்கும்.

துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போதே சூடாகும், சுருட்டிய துணி தானாகத் தீப்பிடிக்கும். வாளித் தண்ணீரில் முக்குங்கள், அல்லது வெளியே தரையில் ஒற்றையாக விரித்துக் காயவையுங்கள்.

திருப்பரங்குன்றம்:
அளவுக்கு வருவோம். மேல்முகம் தளத்தோடு ஒட்டியிருப்பதால் மூன்று முகங்கள்தான்: 8+6+8 = 22 அங்குலம், 12 அடிக்கு 22 சதுர அடி. வழவழப்பான மரத்தில் 1 லிட்டர் ஸ்டெயின் 80 முதல் 100 சதுர அடி வரும். இது சொரசொரப்பு, ஒன்றரை மடங்கு குடிக்கும். ஸ்டெயின் அரை லிட்டர், மூன்று கோட் மேல்பூச்சுக்கு ஒரு லிட்டர் சரியாக இருக்கும்.

தேக்கில் இயற்கை எண்ணெய் உண்டு. ஸ்டெயினுக்குச் சற்று முன் தின்னர் துணியால் ஒருமுறை துடைத்தால்தான் பிடிக்கும். சித்திரை வெயிலில் தின்னர் ஸ்டெயின் கண்மூடித் திறப்பதற்குள் காய்ந்து, கை நிறுத்திய இடமெல்லாம் இரட்டைக் கோடு விழும். விடியற்காலையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, பழைய வேட்டித் துணியால் இரண்டு பேர் சேர்ந்து செய்யுங்கள். பக்க முகங்கள் முதலில், அடிமுகம் கடைசியில், முனையிலிருந்து முனை வரை ஒரே ஓட்டம். வெள்ளைக் கட்டை வெளுத்தே நிற்கும், அதற்கு மட்டும் இன்னொரு கை.

மேல்பூச்சுக்கு மேட் (பளபளப்பில்லாத) பி.யு., அதாவது பாலியூரித்தேன், நல்லது. கிளாஸ் போட்டால் வாச்சித் தழும்பெல்லாம் பளபளத்து பிளாஸ்டிக் போல் தெரியும். மேட் பொடி அடியில் தங்கும், அடிவரை கலக்காவிட்டால் திட்டுத்திட்டாக மினுங்கும். பி.யு.வுக்கு அதன் தின்னர்தான். என்.சி. தின்னரில் ஆல்கஹால் கலந்திருந்தால் அது ஹார்டனரை (பி.யு.வை இறுக வைக்கக் கலக்கும் திரவம்) தின்றுவிடும், பூச்சு இறுகாது. ஈர மரத்தில் அடித்தால் கொப்புளம் வரும். ஆடிக் காற்றில் புழுதி ஒட்டும். ஐப்பசி மழையில் அரக்கும் லேக்கரும் வெள்ளை பூத்துப்போகும். தை, மாசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

திருமங்கலம்:
கழிவு எண்ணெய் பூசுன உத்தரத்துல மட்டும் பி.யு. வேண்டாங்க. சாக்பீஸ் பொடியை தின்னர்ல குழைச்சு அப்பி, காஞ்சதும் தட்டி எடுங்க. ரெண்டு மூணு தரம் அப்படி உறிஞ்சுனாலும் வெயில் காலத்துல உள்ள இருக்கிறது கசிஞ்சு படலம் உரியும். அதுக்கு ஆளிவிதை எண்ணெய்தான். நிறம் மங்குற எடத்துல ஒரு துணியில தொட்டுத் தேச்சாப் போதும், மறுபடி முழுசா சுரண்ட வேண்டியதில்ல.