முரட்டுத் தாடி, மென்மையான தோல்: எந்த சேஃப்டி ரேசர் வாங்கலாம்?

வணக்கம். என் தாடி கம்பி மாதிரி முரடு. தோலோ லேசாக உரசினாலே சிவந்துவிடும். பல பிளேடு கார்ட்ரிட்ஜில் ஷேவ் செய்தால் மறுநாளே குரல்வளைக்குக் கீழே முடி உள்ளுக்குள் சுருண்டு, சின்னச் சின்னக் கொப்புளமாகக் கிளம்பிவிடுகிறது. அதனால் ஒற்றை பிளேடு சேஃப்டி ரேசருக்கு மாறலாம் என்றிருக்கிறேன்.

குழப்பம் இதுதான். தோலுக்காகப் பார்த்தால் பிளேடு கொஞ்சமாகவே வெளியே தெரியும் மென்மையான ரகம் நல்லது. ஆனால் அது இந்த முடியை ஒழுங்காக வெட்டுமா, இல்லை அதே இடத்தில் திரும்பத் திரும்ப இழுக்க வைக்குமா? அப்படி இழுத்தால் எரிச்சல்தானே மிச்சம்! மெர்க்கூர் 34சி, மியூலே ஆர்89 என்ற இரண்டு ரேசர்களையும் பலர் சொல்கிறார்கள். பிளேடு இடைவெளியைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் மெர்க்கூர் புரோகிரஸ் மீதும் ஒரு கண். புதிதாகப் பழகுகிறவனுக்கு அது சரிப்படுமா?

அப்புறம் பிளேடு. ஃபெதர் ரொம்பக் கூர்மை என்கிறார்கள். முரட்டு முடிக்கு அதுவேதான் வேண்டுமா, அஸ்ட்ரா போதுமா? குளித்த பிறகு, பிரஷ்ஷால் நன்றாக நுரை தேய்த்து, முடி வளரும் திசையில்தான் ஷேவ் செய்கிறேன். இதே மாதிரி தோலும் தாடியும் உள்ளவர்கள் எதைப் பயன்படுத்துகிறீர்கள்?