ஒரு கேம் எத்தனை மணி நேரம் ஓடணும்?

கடலோரக்காக்கை:
'டையிங் லைட் 2' வெளிவர ஒரு மாசம் இருக்கும்போது, 2022 ஜனவரியில், அதைச் செஞ்ச டெக்லேண்ட் நிறுவனம் ட்விட்டரில் பெருமையா ஒரு அறிவிப்புப் போட்டது. கேமை முழுசா முடிக்கக் குறைஞ்சது 500 மணி நேரம் ஆகுமாம். பாராட்டு வரும்னு நினைச்சாங்க, திட்டுதான் வந்துச்சு. உடனே, மெயின் கதை மட்டும்னா 20 மணி நேரம், சைடு குவெஸ்டும் (மெயின் கதைக்கு வெளிய வர்ற கிளை வேலைங்க) சேர்த்தா 80-ன்னு விளக்கம் கொடுத்தாங்க.

அப்படித் திட்டின கூட்டம்தான் சின்ன கேம் வந்தா "இவ்வளவுதானா?"ன்னும் கேக்குது. நேத்து இங்க ஒருத்தர் 'வெண்பா' பத்தி எழுதினார். கீழ வந்த பதில்ல பாதி, ஒன்றரை மணி நேர கேமுக்கு 15 டாலரான்னுதான்.

டொரொன்டோல இருக்கிற விசை கேம்ஸ் 2023-ல வெளியிட்டது அது. 1980-கள்ல கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தோட கதை. அந்த வீட்டு அம்மா வெண்பாகிட்ட அவ அம்மாவோட சமையல் நோட்டு இருக்கு. பக்கம் கிழிஞ்சு, மை அழிஞ்சு கிடக்கு. விட்டுப்போன வரியை நாமதான் யோசிச்சுச் சமைக்கணும். முதல்ல இட்லி. தட்டை எந்த மாதிரி அடுக்கினா ஆவி எல்லா இட்லிக்கும் போய்ச் சேரும்னு கண்டுபிடிக்கணும். வீட்ல இட்லிக் கொப்பரையைப் பார்த்து வளர்ந்தவங்களுக்குக் கை தானா போகும், பார்க்காதவங்க முழிப்பாங்க. மகன் கவின் வளர்ந்தப்புறம் அதே நோட்டைத் திறக்கிற இடத்துல அந்த முழிப்புக்கு என்ன அர்த்தம்னு உறைக்கும். அதை 40 மணி நேரத்துக்கு இழுத்திருந்தா செத்தே போயிருக்கும். 2024-ல பிரிட்டனோட பாஃப்டா அமைப்பு அதுக்குச் சிறந்த அறிமுக கேம் விருது கொடுத்துச்சு. கேமை எடை போட்டு வாங்குற பழக்கத்தை விடுங்கன்னுதான் இந்தத் திரி.

ஒத்தைக்கன்ட்ரோலர்:
அண்ணே, விருதை நான் மறுக்கல. ஆனா சோனியோட பிஎஸ்5 கன்சோல் வந்தப்ப பெரிய கேம் டிஸ்க் ஒண்ணோட எம்ஆர்பி 4,999 ரூபா. எங்க வீட்ல வருஷத்துக்கு ஒரு டிஸ்க் கேட்டு வாங்குறதே பெரிய பாடு. அந்த ஒண்ணை வாங்குறதுக்கு முன்னாடி எத்தனை நாள் ஓடும்னு பார்க்காம இருக்க முடியுமா? உங்களுக்குச் சம்பளம் இருக்கு, ஆட நேரம் இல்ல. எனக்கு நேரம் கிடக்கு, காசு இல்ல. அதனால மணிக்கணக்கு பார்க்கிறவனை ரசனை கெட்டவன்னு பேசாதீங்க.

இன்னொண்ணு. நீளமா இருக்கிறதாலேயே நல்லா இருக்கிற கேம் உண்டு. 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' எடுத்துக்கோங்க. 1899 அமெரிக்கா. மானைச் சுட்டா தோலை உரிக்கணும், குதிரை முதுகுல கட்டணும், ரொம்ப நேரம் சும்மா விட்டா கெட்டுப்போகும். குதிரைக்கு அடிபட்டு உடனே மருந்து கொடுக்கலன்னா செத்தது செத்ததுதான், புதுசா ஒண்ணு பிடிச்சு முதல்லேர்ந்து பழக்கணும். நாம சேர்ந்திருக்கிற கொள்ளைக் கூட்டத்தோட கூடாரத்துல இருக்கிறவங்க ராத்திரி நெருப்பைச் சுத்தி உக்காந்து பாடுவாங்க, சண்டை போடுவாங்க. வாரக்கணக்கா அவங்களோட இருந்ததுனாலதான் ஆறாவது அத்தியாயத்துல ஒவ்வொருத்தரா கூடாரத்தை விட்டுப் போறப்ப வயித்தைக் கலக்குது. இதை ஒன்றரை மணி நேரத்துல யாரால செய்ய முடியும்?

நடுநிசிநிரலன்:
தம்பி பணத்தைப் பத்திச் சொன்னது சரி. ஆனா காசுக்கு அதிக மணி நேரம் வேணும்னா பெரிய மேப் (சுத்தித் திரியுற உலகம்) இருக்கிற கேம்தான் வாங்கணும்னு யார் சொன்னா?

'டெட்ரிஸ்' 1984-ல மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் எழுதினது. அவர் கையில இருந்த எலெக்ட்ரோனிகா 60 கம்ப்யூட்டர்ல படம் வரைய வசதியே கிடையாது. கட்டங்களை எழுத்துக் குறிகளை வெச்சுத்தான் காட்டினார். மொத்தம் 7 வடிவம். 1989-ல வந்த அதோட நின்டெண்டோ பதிப்பை, 2023 டிசம்பர்ல ஓக்லஹோமாவைச் சேர்ந்த 13 வயசுப் பையன் 157-ஆவது லெவல் வரைக்கும் கொண்டு போய், அதுக்கு மேல நகராம கேமையே உறைய வெச்சான். 34 வருஷமா அந்த இடத்துக்கு மனுஷன் யாரும் போனதில்ல.

'இன்ட்டு தி பிரீச்' (2018) பாருங்க. பலகை எட்டுக்கு எட்டு. எதிரி அடுத்து எங்க அடிக்கப் போறான்னு முன்கூட்டியே திரையில காட்டிடும். ஒளிச்சு வைக்கிறது ரொம்பக் கம்மி. எதிரி பூச்சியை ஒரு கட்டம் தள்ளிவிட்டா அது அடிக்கிற அடி பக்கத்துல நிக்கிற இன்னொரு பூச்சி மேல விழும். இல்லன்னா நாம காப்பாத்த வேண்டிய கட்டடம் போயிடும். ஒரே ஒரு முறை நகர்த்த அரை மணி நேரம் உக்காந்து யோசிக்கலாம். ஒரு சுற்று சீக்கிரம் முடிஞ்சிடும், கேம் முடியாது. பழைய லேப்டாப்லயே ஓடும், சேல்ல விலையும் கம்மி.

பெரிய மேப் கேம்ல 60 மணி நேரம் ஓடுதுன்னா, அதுல எத்தனை மணி நேரம் புதுசா எதையாவது கேக்குது? 'அசாசின்ஸ் கிரீட் வல்ஹாலா'ல கோட்டை பிடிக்கிறது, பெட்டி திறக்கிறது, ஆளைக் கொல்றது இவ்வளவுதான் திரும்பத் திரும்ப வரும். அதைச் செஞ்ச யூபிசாஃப்ட்டுக்கே அது புரிஞ்சுதான் 2023-ல அதே வரிசையில 'மிராஜ்'ஜைச் சின்னதா, பாக்தாத் நகரத்தைச் சுத்தி முடியுற மாதிரி, விலையும் குறைச்சு விட்டாங்க.

ஒத்தைக்கன்ட்ரோலர்:
//புதுசா எதையாவது கேக்குது?//
எப்பவும் புதுசா கேக்கணும்னு ஏன் அண்ணே? 'ஸ்டார்டியூ வேலி'ல காலைல எழுந்து செடிக்குத் தண்ணி ஊத்துறேன், கோழிக்குத் தீனி போடுறேன், மீன் பிடிக்கிறேன். அடுத்த நாளும் அதேதான். திரும்பத் திரும்பச் செய்யறதுக்காகத்தான் அதைத் திறக்கிறேன். எரிக் பரோன்ங்கிற ஒத்தை ஆள் நாலு வருஷத்துக்கு மேல தனியா உக்காந்து செஞ்ச கேம் அது, வல்ஹாலா மாதிரி பெரிய கம்பெனி சரக்கு இல்ல. எல்லாரும் பூச்சியைத் தள்ளிக் கணக்குப் போட விரும்ப மாட்டாங்க.

தாமரைக்குளம்:
பிள்ளையைத் தூங்க வெச்சுட்டு நின்டெண்டோ ஸ்விட்சை (கையில வெச்சு ஆடுற கேம் கருவி) எடுக்கிறவ நான். எனக்கு 100 மணி நேர கேம் விலை மலிவு இல்ல, பாதியில நின்னு போற கேம். திரும்ப வரும்போது எந்த பட்டன் எதுக்குன்னே மறந்திருக்கும்.

நான் முழுசா முடிச்சதுல மனசுல நிக்கிறது 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்'. 1807-ல, காணாமப்போன கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் ஒண்ணு ஆளே இல்லாம திரும்பி வருது. இன்சூரன்ஸ் கணக்கு எழுதப் போற ஆள் நாம. மொத்தம் 60 பேர். ஒவ்வொருத்தரும் யார், என்ன ஆனாங்கன்னு ஏட்டை நிரப்பணும். படம் முழுக்க ரெண்டே நிறம். செத்த நொடி மட்டும் உறைஞ்சு நிக்கும், அதுக்குள்ள நடந்து பார்க்கலாம். தூங்குறவனோட தொங்கு படுக்கையில எழுதியிருக்கிற எண்ணை ஆள் பட்டியலோட ஒப்பிட்டா ஒரு பேர் கிடைக்கும். பேச்சுல வர்ற உச்சரிப்பு, உடுப்பு, யார் பக்கத்துல யார் நிக்கிறாங்க, எல்லாமே துப்புதான். மூணு பேரைச் சரியா எழுதினாத்தான் கேம் "சரி"ன்னு சொல்லும், அதனால குருட்டாம்போக்குல அடிச்சு விட முடியாது. பாத்திரம் தேய்க்கும்போதும் அந்தக் கப்பலையேதான் யோசிச்சுட்டு இருந்தேன். அந்த நேரத்தை எந்தக் கணக்குல சேர்க்கிறது?

ஒத்தைக்கன்ட்ரோலர்:
அக்கா, விடை தெரிஞ்சப்புறம் ஓப்ரா டின்னை இன்னொரு தடவை ஆட முடியாதே. 'அவுட்டர் வைல்ட்ஸ்'ஸும் அப்படித்தான். 22 நிமிஷத்துக்கு ஒரு தடவை சூரியன் வெடிச்சு எல்லாம் முதல்லேர்ந்து தொடங்கும். நமக்குக் கிடைக்கிறது ஆயுதமோ பவரோ இல்ல, தெரிஞ்சுக்கிட்டது மட்டும்தான். ரெண்டும் அருமை, ஒத்துக்கிறேன். ஆனா வருஷத்துக்கு ஒண்ணுன்னா அது என்னோட முதல் தேர்வா இருக்க முடியாது.

சின்ன கேமை நியாயமா விக்க வழியும் இருக்கு. 2007-ல 'போர்ட்டல்' நாலு மணி நேரம்கூட வராது. கடைக்கு வந்தப்ப 'ஆரஞ்ச் பாக்ஸ்'ல 'ஹாஃப்-லைஃப் 2', அதோட ரெண்டு எபிசோட், 'டீம் ஃபோர்ட்ரஸ் 2' எல்லாத்தோடவும் ஒரே பெட்டியில வந்துச்சு. அதுல எதுவும் போர்ட்டலோட பேரைக் கெடுக்கல.

கடலோரக்காக்கை:
போர்ட்டலைச் செஞ்ச வால்வ் மாதிரி சொந்தக் கடையும் பெரிய கேம்களும் வெச்சிருக்கிறவன் பெட்டி கட்டலாம் தம்பி. ஒத்தை ஆள் எதோட சேர்த்து விப்பான்? வால்வோட ஆன்லைன் கடையான ஸ்டீம்ல வாங்கி 14 நாளுக்குள்ள, 2 மணி நேரத்துக்கும் கம்மியா ஆடியிருந்தா பணம் திரும்பக் கிடைக்கும். 2021-ல ஒரு சின்ன உருவாக்குநர் ஒன்றரை மணி நேரத் திகில் கேம் ஒண்ணு விட்டார். நல்லா இருக்குன்னு விமர்சனம் எழுதினாங்க, ஆனா முடிச்சுட்டுப் பணத்தைத் திரும்ப வாங்கினவங்க நிறைய. கேம் செய்யறதையே காலவரையில்லாம நிறுத்துறேன்னு அறிவிச்சார். மணிக்கணக்குப் பேச்சு வெறும் பேச்சு இல்ல. 2 மணியைத் தாண்டணுமேன்னு கேம்ல தண்ணி ஊத்த ஆரம்பிச்சா நட்டம் ஆடுற நமக்குத்தான்.

ஒத்தைக்கன்ட்ரோலர்:
முடிச்சுட்டுக் காசு திரும்பக் கேக்குறது திருட்டுத்தனம், அதை நானும் சொல்லுவேன். ஆனா டிஸ்க்னா நான் முடிச்சுட்டு பாதி விலைக்கு வித்துடுவேன், அப்ப சின்ன கேமும் கட்டுப்படியாகும். டிஜிட்டல்ல மட்டும் வர்ற சின்ன கேமை விக்கவும் முடியாது, கூட்டாளிக்குக் கொடுக்கவும் முடியாது. மணிக்கணக்கு பார்க்காதேன்னு வாங்குறவன்கிட்ட சொல்றீங்க. வித்துக்கிற உரிமையைக் கொடுன்னு கடைக்காரன்கிட்ட எப்பக் கேப்பீங்க?