செமினார் என்றாலே கை நடுங்குகிறது, மதுரைப் பக்கம் யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம். மதுரையில் பி.காம் இரண்டாம் வருடம் படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. போன வாரம் செமினாரில் பேச எழுந்தேன். கையிலிருந்த தாள் படபடத்த சத்தம் முதல் பெஞ்சு வரை கேட்டிருக்கும். மூன்றாவது வரியில் நாக்கு ஒட்டிக்கொண்டது. கேன்டீனில் மட்டும் வாய் ஓயாது, அது வேறு கதை. புது ஆட்களிடம் பேச்சைத் தொடங்கவும் வராது.

மேடைப் பேச்சு பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப் கூட்டங்களில் அந்த இடத்திலேயே தலைப்பு கொடுத்து ஓரிரு நிமிடம் பேசச் சொல்வார்களாம். 'ஆ... ம்ம்...' எத்தனை என்று எண்ணவும் ஓர் ஆள் உண்டாம். எனக்கு அதுதான் தேவை. மதுரையில் தமிழில் பேசவிடும் கிளப் இருக்கிறதா? முதலில் சும்மா போய்ப் பார்க்கலாமா? கண்ணாடி முன்னால் பேசிப் பழகு என்று மட்டும் சொல்லாதீர்கள் அண்ணா, அக்கா. கண்ணாடி கேள்வி கேட்பதில்லையே. அப்புறம், கட்டணம் எவ்வளவு ஆகும் என்றும் சொல்லுங்கள்.